ஒரே ஒரு குதிரை இனத்துக்கு ஒரு அருங்காட்சியகம்: லிபிக்கா போய் வந்தேன், உங்களிடம் ஒரு கேள்வி

பறக்கை வாத்தியார்

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். ஜூன் மாதம் இத்தாலியில் திரியெஸ்த் நகரத்துக்கு இரண்டு வார வகுப்புக்குப் போயிருந்தேன். அப்துஸ் சலாம் 1964-இல் தொடங்கிய கோட்பாட்டு இயற்பியல் மையம் அங்கேதான் இருக்கிறது. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடந்தது. விடுதியில் இருந்த நேபாளத்துக்காரர், "பக்கத்தில் குதிரைப் பண்ணை இருக்கு, மியூசியமும் இருக்கு, வாரீரா?" என்று கேட்டார். குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்தது சுவாமி வாகனம்தான். சரி, போவோம் என்று கிளம்பினேன்.

டவுன் பஸ்ஸில் மலையேறி பாசோவிட்சா என்ற கிராமத்தில் இறங்கினோம். எலெட்ரா என்ற பெரிய சின்க்ரோட்ரான் (துகள் முடுக்கி) இருப்பதும் அந்த ஊரில்தான். வாத்தியார் என்றால் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் தப்பித்தது. அங்கிருந்து நடந்தே எல்லையைத் தாண்டினால் ஸ்லோவேனியா. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நடந்து போனது எனக்கு அதுதான் முதல் தடவை. களியக்காவிளை தாண்டுகிற மாதிரிதான் இருந்தது, டீக்கடைதான் இல்லை.

லிபிக்கா ஒரு குதிரைப் பண்ணை. 1580-இல் ஆஸ்திரியாவின் சார்லஸ் என்ற ஆர்ச்டியூக் தொடங்கியது. அதற்கு முன்னால் அது திரியெஸ்த் பிஷப்பின் கோடை வாசஸ்தலம். அங்கே வளர்ந்த இனத்துக்கு ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது: லிப்பிசானர். வெள்ளை மரவேலி, இரண்டு பக்கமும் லிண்டன் மரம் நிற்கிற பாதைகள். அவர்கள் மொழியில் 'லிபா' என்றால் லிண்டன் மரமாம். லிபிக்கா என்றால் சின்ன லிண்டன். நம்ம ஊரில் ஆலங்குளம், புளியங்குடி என்று சொல்கிற மாதிரிதான். வியன்னா அரண்மனைக்குக் குதிரைகளை அனுப்புகிற ஒவ்வொரு வருடமும் மூன்று லிண்டன் கன்று நடுவார்கள் என்று கைடு சொன்னாள். குதிரை போனாலும் மரம் நின்றது.

முதலில் மேய்ச்சலுக்கு விட்ட பெண் குதிரைகளைப் பார்த்தோம். எல்லாம் பால் வெள்ளை. காலடியில் நின்ற குட்டிகளோ கறுப்பும் கரும்பழுப்பும். வேறு இனக் குட்டிகளை இங்கே கட்டி வளர்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்டால் சிரிக்கிறார்கள். லிப்பிசானர் பிறக்கும்போது கறுப்பு. ஆறு வயதிலிருந்து பத்து வயதுக்குள் வெளுத்து வெள்ளையாகிறது.

மியூசியத்தின் பெயர் 'லிபிக்கும்'. சாதாரணமாக நம்ம மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு பொருள், பக்கத்தில் 'தொடாதீர்' என்று அட்டை. இங்கே தொட்டுப் பார்க்கலாம். குதிரைக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட முழு வட்டமும் அதற்குத் தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் குருடு. ஏன் குதிரையின் பின்னால் போய் நிற்கக் கூடாது என்று எங்க ஆச்சி அடித்துச் சொன்னாள் என்பது 47 வயதில் விளங்கியது.

என்னைப் பிடித்து நிறுத்தியது அதெல்லாம் இல்லை, வம்சாவளிதான். லிபிக்காவில் இன்றைக்கு இருக்கிற குதிரைகளின் தந்தை வழி ஆறு மூல ஆண் குதிரைகளுக்குப் போய் முடிகிறது. புளூட்டோ பிறந்தது 1765. கொன்வெர்சானோ 1767. ஃபாவோரி 1779. நியபோலித்தானோ 1790. சிக்லாவி 1810, அது அரபுக் குதிரை. அப்புறம் மயெஸ்தோசோ. ஆண் குதிரைக்கு இரண்டு பெயர். முதல் பெயர் தகப்பன் வழி, இரண்டாவது பெயர் அதைப் பெற்ற தாயின் பெயர். மயெஸ்தோசோ அலெக்ரா என்றால், மயெஸ்தோசோ வழியில் அலெக்ராவின் பிள்ளை. நாம் இனிஷியல் போடுகிறோமே, அதில் அம்மா எங்கே இருக்கிறாள்?

இப்போது கேள்வி. ஒரு விலங்கினத்துக்கு இப்படித் தாய் பெயர் வரை எழுதி வைத்து ஒரு மியூசியம் கட்டுகிற அளவுக்கு, குமரி மாவட்டத்தில் நம்மிடம் ஏதாவது உண்டா? கிண்டல் வேண்டாம், நிஜமாகக் கேட்கிறேன்.

தக்கலை ராசு

மட்டி வாழை உண்டு சாரே. 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. தாய் மரம், பிள்ளைக் கன்று எல்லாம் தோட்டத்திலேயே நிற்குது, தனியா மியூசியம் எதுக்கு?

பறக்கை வாத்தியார்

கிண்டல் வேண்டாம் என்று எழுதினேனே, மக்கா. (ஆனால் மட்டிப் பழ மியூசியம் திறந்தால் முதல் டிக்கெட் எனக்கு.)

முட்டம் மாலுமி

அண்ணாச்சி, திரியெஸ்தில் எங்க கப்பல் 9 நாள் நின்றது. 2018 பிப்ரவரி. எனக்கு ஷெங்கன் விசா கிடையாது, ஷோர் பாஸ்தான் (கரையில் இறங்க மட்டும் தருகிற அனுமதிச் சீட்டு). அதை வைத்துக்கொண்டு ரொம்ப தூரம் போகக் கூடாது. மலைக்கு அந்தப் பக்கம் குதிரைப் பண்ணை இருப்பதை நீங்க எழுதித்தான் தெரிந்துகொள்கிறேன்.

அங்கே 'போரா' என்று ஒரு காற்று அடிக்கும். மலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்குகிற குளிர் காற்று. காற்று முற்றின நாளில் ஆட்கள் பிடித்து நடக்க முன்னெல்லாம் தெருவில் கயிறு கட்டியிருப்பார்களாம். எங்க போசன் (கப்பல் ஆட்களின் மேஸ்திரி) தூத்துக்குடிக்காரர், பயந்துவிட்டார். நான் சொன்னேன், "ஆடி மாசம் ஆரல்வாய்மொழியில் சைக்கிள் மிதித்தவனுக்கு இதெல்லாம் ஒரு காற்றா?" சொல்லிவிட்டு கேங்வேயில் நின்ற என் தொப்பி பறந்தது வேறு கதை. அந்தக் காற்றிலா குதிரை மேய்க்கிறார்கள்?

பறக்கை வாத்தியார்

அதே காற்றில்தான் தம்பி. நிலமும் அப்படித்தான். முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, மேலே விரல்கடை மண். மழைத் தண்ணீர் நிற்காமல் பாறைக்குள் இறங்கிவிடும், அடியில் முழுக்கக் குகை. பூகோளப் புத்தகத்தில் 'கார்ஸ்ட்' என்று படிக்கிறோமே, அந்தச் சொல்லே இந்தப் பகுதியின் பெயரிலிருந்து போனதுதான். பக்கத்தில் ஸ்கோசியான் குகைகள், யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. அந்தக் கல் நிலத்தில் ஓடி ஓடித்தான் குளம்பு இரும்பாகிறது என்று அங்கே பெருமையாகச் சொல்கிறார்கள்.

மாட்டு டாக்டர்

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். 31 வருட சர்வீசில் குமரி மாவட்டத்தில் நான் பார்த்த குதிரைகளை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம், ஆகவே என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பற்றி மட்டும். லிப்பிசானர் வெள்ளை என்பது பிறவி வெள்ளை அல்ல, நரை. நரைக்க வைக்கிற ஒரு மரபணு, ரோமத்தின் நிறத்தை வருடம் வருடமாக எடுத்துவிடுகிறது. தோல் அடியில் கறுப்பாகவே இருக்கும். மூக்கு நுனியைப் பார்த்தால் தெரியும். வட இந்தியக் கல்யாண ஊர்வலத்தில் வருகிற வெள்ளைக் குதிரை, நுக்ரா என்பார்கள், அது வேறு. அது பிறக்கும்போதே வெள்ளை, தோல் இளஞ்சிவப்பு. அபூர்வமாக லிப்பிசானரிலும் ஒன்றிரண்டு நரைக்காமல் பழுப்பாகவே நின்றுவிடும். வியன்னாவின் குதிரைச் சவாரிப் பள்ளியில் அப்படி ஒன்றை ராசிக்காக வைத்திருப்பது வழக்கம் என்று படித்திருக்கிறேன்.

நம்ம நாட்டில் அங்கீகாரம் பெற்ற குதிரை இனங்கள் என்றால் மார்வாரி, காட்டியவாரி, மணிப்பூரி, ஸ்பிட்டி, சன்ஸ்காரி, பூட்டியா, கச்சி சிந்தி, இப்போது பீம்தடி. தமிழ்நாட்டுக்கு என்று ஒன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை ஏராளமாக வரும். அது சந்தை. இனம் என்பது வேறு சமாச்சாரம். சந்தையில் விலை எழுதுவார்கள், தாய் பெயர் எழுதமாட்டார்கள்.

நம்ம பக்கத்தில் குதிரை ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு மார்க்கோ போலோவே ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதும்போது, ராஜா வருடத்துக்கு 2000-க்கு மேல் குதிரை வாங்குகிறார், அவருடைய நான்கு சகோதரர்களும் ஆளுக்கு அவ்வளவு வாங்குகிறார்கள், வருடக் கடைசியில் 100 கூடத் தேறுவதில்லை என்கிறார். காரணமும் சொல்கிறார்: வைத்தியம் தெரிந்த ஆள் இல்லை, தீனியும் தப்பு. சோற்றோடு இறைச்சி வேகவைத்துக் கொடுத்தார்களாம்! குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தப்பான தீனி போனால் உள்ளேயே வயிறு முறுக்கிச் சாகும். நம்ம வீட்டுக் காணம் இருக்க, பிரியாணி போட்டுக் கொன்றிருக்கிறார்கள்.

தக்கலை ராசு

டாக்டர் ஐயா, காணம் என்றால் வெளிமாவட்டத்துக்காரர்களுக்குப் புரியாது. கொள்ளு, கொள்ளு.

மேலும், மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுபோன பணத்தில் கோயில் கட்டினார் என்று பாண்டியன் கோபப்பட்டானே, இப்போது யோசித்தால் கோயில்தான் லாபம். நரி பரியாகி மறுபடி நரியாகாவிட்டாலும் அந்தக் குதிரை ஒரு வருடத்தில் எப்படியும் செத்திருக்கும்.

சாமிதோப்புப் பேரன்

எல்லாரும் ரசித்துப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். கோபப்பட வேண்டாம்.

இது ராஜாக்களின் குதிரை. ராஜா வீட்டுக் குதிரைக்கு ஏழு தலைமுறை பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குதிரைக்குச் சாணி அள்ளினவன் பெயர் எங்கே? வாத்தியார் சார் அங்கே அதைத் தேடினாரா?

நம்ம மாவட்டத்தில் குதிரை என்றால் யார் ஏறினார்கள்? திருவிதாங்கூர் காலத்தில் எங்கள் ஆட்களுக்குக் குடை பிடிக்க உரிமை கிடையாது, செருப்புப் போட உரிமை கிடையாது, பெண்கள் மேலாடை உடுத்துவதற்கே போராட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊரில் அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டி வரச் சொன்னார். இன்றைக்கும் சாமிதோப்பில் திருவிழா 8-ஆம் நாள் அய்யா வெள்ளைக் குதிரை வாகனத்தில் ஏறி முத்திரிக் கிணற்றுக்குக் கலிவேட்டைக்குப் போகிறார். நான் சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன், இப்போது என் மகள் என் தோளில். அது மரக்குதிரை. அதற்கு ரத்தம் இல்லை, வம்சாவளி இல்லை. ஆனால் அந்தக் குதிரை எங்கள் தெருவுக்கு வருவதன் அர்த்தம் எங்களுக்குத் தெரியும். குமரி மாவட்டத்தில் குதிரைக்கு ஒரு மியூசியம் வைத்தால் அந்த வாகனத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பறக்கை வாத்தியார்

தம்பி, கோபம் ஒன்றும் இல்லை. உங்கள் பதிவை ராத்திரி இரண்டு தடவை படித்தேன். தேடினேனா என்று கேட்டீர்கள். தேடவில்லை. பொய் சொல்லப் போவதில்லை. குதிரைகளின் பெயரை நோட்டில் எழுதி எடுத்து வந்தேன், குதிரைக்காரன் பெயர் எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ராஜா போன பிறகும் அந்தக் குதிரை எப்படி மிஞ்சியது என்பதுதான் மியூசியத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம். 1797-இல் நெப்போலியன் படை வருகிறது என்று 300 குதிரைகளை ஹங்கேரிக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். கர்ப்பமாக இருந்ததையும் சேர்த்துத்தான். அப்புறம் 1805, மறுபடி 1809. முதல் உலகப் போரில் 1915-இல் வியன்னா பக்கம் லக்சன்புர்குக்கும், இப்போதைய செக் நாட்டின் கிளாத்ரூபிக்கும். போர் முடிந்ததும் பாகப்பிரிவினை: கொஞ்சம் இத்தாலிக்கு, கொஞ்சம் ஆஸ்திரியாவுக்கு. 1943-இல் ஜெர்மன்காரர்கள் எல்லாவற்றையும் இப்போதைய செக் நாட்டில் இருக்கிற ஹொஸ்தோவுக்குக் கொண்டு போனார்கள். 1945 ஏப்ரல் கடைசியில் அமெரிக்க ராணுவம் அங்கிருந்து மீட்டது. 1947-இல் லிபிக்கா யூகோஸ்லாவியாவோடு சேர்ந்தபோது திரும்பி வந்தவை 11 குதிரைகள். பதினொன்று! மற்றவை இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலுமாக நின்றுவிட்டன.

இந்த ஓட்டத்தை எல்லாம் ராஜா ஓட்டவில்லை. நூற்றுக்கணக்கான மைல் நடந்து ஓட்டியவர்கள் நீங்கள் சொன்ன சாணி அள்ளினவர்கள்தான். 11 வந்ததும் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டிய நிலை வரவில்லை, ஏனென்றால் எது யாருடைய பிள்ளை என்று தெரியும். ஆகவே பெயர் எழுதி வைப்பதை நான் விட்டுத்தர மாட்டேன். யார் பெயர் விட்டுப்போனது என்ற உங்கள் கேள்வியையும்.

மார்த்தாண்டம் நர்ஸக்கா

ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில் 14 வருடமாக நர்ஸ் வேலை. எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து பீபர் பண்ணை பக்கம்தான். 1920-லிருந்து ஆஸ்திரியாவின் லிப்பிசானர் அங்கேதான் பிறக்கிறது. வாத்தியார் சார் லிபிக்காவில் கேட்ட கதையை இங்கே சொல்லிப் பாருங்கள், "அது எங்க குதிரை" என்பார்கள். பண்ணை ஸ்லோவேனியாவில், வம்சாவளிப் புத்தகம் யாருடையது என்று இத்தாலியோடு வழக்கு, ஆடுகிற பள்ளி வியன்னாவில். நாஞ்சில் நாட்டுச் சொத்து வழக்கு தோற்றுப்போகும். கடைசியில் 2022-இல் எட்டு நாடுகள் சேர்ந்து இந்த வளர்ப்பு மரபை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பாகம் பிரிக்க முடியாத சொத்தைப் பொதுவில் வைத்துக்கொண்ட மாதிரி.

பீபரில் இளம் ஆண் குதிரைகளைக் கோடையில் மலை மேல் மேய விடுவார்கள். அதைப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும், வியன்னா மண்டபத்தில் சரவிளக்குக்குக் கீழே ஆடுவதைவிட. அங்கேயும் ஒரு தடவை போனேன். பின்னங்காலில் நின்று, எழும்பிக் குதித்து, அந்தரத்தில் பின்னங்காலை உதைக்கிறது. பெயர் கப்ரியோல். அழகுதான். ஆனால் அந்தப் பள்ளியில் சவாரிக்காரர்களாகப் பெண்களை 2008-இல்தான் சேர்த்தார்கள் தெரியுமா? நாலு நூற்றாண்டுக்கு மேல் ஆம்பிளைகள் மட்டும். குதிரைக்குத் தாய் பெயர் வைத்தவர்கள், தாய்மாரை உள்ளே விட அவ்வளவு காலம் எடுத்தார்கள். சாமிதோப்புத் தம்பி கேட்டதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முட்டம் மாலுமி

தாய் பெயர் வைப்பதென்றால் குதிரைகளும் மருமக்கவழியா (தாய் வழி வாரிசு முறையா) அக்கா?

மார்த்தாண்டம் நர்ஸக்கா

பெயர் மட்டும்தான் மருமக்கவழி. சொத்து எதுவும் தாய்க்கு இல்லை, வேலி கூட பண்ணைக்காரனுக்குத்தான்.

மாட்டு டாக்டர்

வாத்தியாரின் மூலக் கேள்விக்கு வருகிறேன், எல்லாரும் விட்டுவிட்டீர்கள். குதிரை வேண்டாம், மாடு. வேச்சூர் மாடு கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்றடி உயரம்கூட இல்லாத குட்டை மாடு. சீமைக் காளை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) வந்த வேகத்தில் கிட்டத்தட்ட அழிந்தது. 1989-இல் மண்ணுத்தி வேளாண் பல்கலைக்கழகத்தில் சோசம்மா ஐப் என்ற பேராசிரியையும் மாணவர்களும் வீடு வீடாகத் தேடி மிஞ்சியதைப் பிடித்துக் காப்பாற்றினார்கள். எங்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கமும் அதே சாயலில் குட்டை மாடுகள் வீட்டுக்கு வீடு நின்றன. நான் சர்வீசில் சேர்ந்த புதிதில் கண்ணால் பார்த்தது. ஊசி போட்டவர்களில் நானும் ஒருவன். எத்தனை ஊசி என்று ரிஜிஸ்டரில் எழுதினேன், மாதக் கடைசியில் எண்ணிக்கை கொடுக்க வேண்டும். எந்த மாட்டுக்கு, அதன் தாய் எது என்று எழுதும் பத்தியே அந்த ரிஜிஸ்டரில் கிடையாது.

அதனால் உங்கள் மியூசியத்தில் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை, வாத்தியாரே.

பறக்கை வாத்தியார்

டாக்டர் ஐயா, இதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. அந்த ரிஜிஸ்டர் ஒன்றையாவது வைத்திருக்கிறீர்களா?

தக்கலை ராசு

சாரே, பேச்சு கனமாகிவிட்டது, ஒரு சங்கதி சொல்கிறேன். நீங்க ஐரோப்பா வரை போய்க் குதிரை பார்த்தீங்க. பத்மநாபபுரம் அரண்மனை வாசலில், பூமுகத்தில் தொங்குகிற குதிரை விளக்கைப் பார்த்திருக்கீங்களா? மேலே குதிரையும் அதில் ஆளும், கீழே விளக்கு. எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் சாயாமல் அப்படியே நிற்கும். எங்க வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனபோது பார்த்தது, அதுக்கப்புறம் விருந்தாளி வந்தால் வாசலில் இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

பறக்கை வாத்தியார்

பார்த்திருக்கிறேன், ஆனால் குதிரையாகப் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்குச் சமநிலைப் பாடம் எடுக்கும்போது உதாரணம் சொல்லியிருக்கிறேன். கன்னியாகுமரியிலும் அப்படித்தான். விஜயதசமிக்கு அம்மன் வெள்ளிக் குதிரையில் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்குப் போவதை எத்தனை வருடம் கூட்டத்தில் நின்று பார்த்திருப்பேன். பரி என்றால் குதிரை என்று ஒரு தடவைகூட மண்டையில் உறைத்ததில்லை.

ஆரல்வாய்மொழி அனிதா

புதிதாகச் சேர்ந்தவள். இரண்டு சின்னக் கேள்வி. பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? லிபிக்காவிலிருந்து என்ன வாங்கி வந்தீர்கள்?

இன்னொன்று, எங்க ஆச்சியின் அப்பா வடசேரியில் குதிரை வண்டி ஓட்டினார். ஆச்சிக்கு 88 வயது. இந்த இழையை வாசித்துக் காட்டினேன், வெள்ளைக் குதிரை கறுப்பாகப் பிறக்கும் என்பதை நம்பவில்லை.

பறக்கை வாத்தியார்

தாராளமாகக் கூட்டிப் போகலாம். குட்டிகளைப் பார்க்கவேண்டுமென்றால் வசந்தத்திலோ கோடைத் தொடக்கத்திலோ போங்கள். நடந்து எல்லை தாண்டினாலும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், இப்போது இடையிடையே சோதிக்கிறார்கள். வாங்கி வந்தது ஒன்றும் இல்லை, கடையில் விலையைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். ஆனால் காபிக் கடையில் மீதி கொடுத்த சில்லறையில் ஸ்லோவேனியாவின் 20 சென்ட் நாணயம் இருந்தது. அதில் இரண்டு லிப்பிசானர். மருமகனுக்குக் கொடுத்துவிட்டேன். இது செல்லுமா மாமா என்று கேட்கிறான்.

ஆச்சியிடம் கேளுங்கள்: அந்த வண்டிக் குதிரைக்குப் பெயர் என்ன?

சாமிதோப்புப் பேரன்

வண்டிக்காரர் பெயரையும் கேளுங்கள் அக்கா.

ஆரல்வாய்மொழி அனிதா

கேட்டேன். தாத்தா பெயரைச் சொன்னாள், அதைப் பொதுவில் எழுத வேண்டாம் என்றும் சொன்னாள். குதிரை பெயர் ராசா. செம்பழுப்பு நிறம். பெட்டைக் குதிரையாம். பெட்டைக்கு ஏன் ராசா என்று பெயர் என்றேன். "வாங்கும்போதே அந்தப் பேர்தான். மாத்திக் கூப்பிட்டா வராது பிள்ளே" என்கிறாள். காணம் ஊற வைக்கிற மண்சட்டி வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. எங்கே வாங்கினார்கள் என்று மட்டும் தெரியவில்லை, "கிழக்கேயிருந்து" என்கிறாள்.

மாட்டு டாக்டர்

ஆச்சியிடம் இன்னும் கேட்டு எழுதி வையுங்கள் அம்மா. உயரம், நெற்றியில் சுட்டி உண்டா, காலில் வெள்ளை உண்டா, ஈன்றதா, குட்டி என்ன ஆனது. நான் வேண்டுமானால் வந்து கேட்கிறேன். ரிஜிஸ்டர் ஒன்று பரணில் கிடக்கிறது, வாத்தியார் கேட்டதால் நேற்று எடுத்தேன். பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

பறக்கை வாத்தியார்

அப்படியானால் திங்கட்கிழமை எனக்கு வகுப்பு இல்லை. காலையில் பத்மநாபபுரத்தில் விளக்கைப் பார்த்துவிட்டு, மதியம் ஆரல்வாய்மொழிக்கு வரலாமா? ராசு, நீயும் வா, இந்தத் தடவை டீ அப்புறம்.

தக்கலை ராசு

திங்கட்கிழமை அரண்மனை லீவு சாரே. ஞாயிற்றுக்கிழமை 9 மணிக்கு வாசலில் நிற்கிறேன்.